‘விபீஷணன்’ என்று ஏசுகிறார்கள், நான் என்ன செய்வது?

சேதுக்கரைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தம்பி எழுதிக் கேட்டிருக்கிறார். அவர் ஊர் ஊருணிக்கு மழைத்தண்ணீர் கொண்டுவருவது ஒரு வரத்துக்கால். அவருடைய பெரியப்பா மகன் அதில் மண்ணடித்து மேடாக்கிக் கம்பிவேலி போட்டுவிட்டார். தம்பி முதலில் வீட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு தாசில்தாரிடம் மனு கொடுத்தார். அன்றோடு பங்காளிகள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். காதுகுத்துக்கு அழைப்பு வரவில்லை. அவர்மேல் பொய்ப்புகார் ஒன்று காவல் நிலையத்துக்குப் போயிருக்கிறது. டீக்கடைப் பக்கம் போனால், “விபீஷணன் வருகிறான்” என்று சத்தமாகவே சொல்கிறார்கள்.

அவர் கேட்பது மூன்று. பெருமாள் பார்த்துக்கொள்வார் என்று பேசாமல் இருப்பதா, வழக்கு என்று போவதா? போனால் அது நம்பிக்கைக் குறைவு ஆகாதா? அம்மா கொல்லங்குடிக்குப் போய்க் காசு வெட்டிப் போட வேண்டும் என்கிறாரே, செய்யலாமா? நியாயத்தின் பக்கம் நின்றவனுக்கே ஏன் இத்தனை அடி?

தம்பி, உங்களை ஏச அவர்கள் தேர்ந்தெடுத்த பெயரிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் இருக்கும் கரையில்தான் அந்தப் பெயருக்கு உரியவன் வந்து நின்றான் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. தனுஷ்கோடி போகும் வழியில் உள்ள கோதண்டராமர் கோவில், அவன் அடைக்கலம் புகுந்த இடம் என்று வணங்கப்படுகிறது. ஆண்டுதோறும் ஆனி மாதத்தில் இராமேசுவரத்தில் இராமலிங்கப் பிரதிஷ்டை விழா நடக்கும்போது விபீஷணர் பட்டாபிஷேகத்தை அங்கேதான் நடத்துகிறார்கள். ஊர் வாயில் காட்டிக்கொடுத்தவனாக இருக்கிறவனுக்குக் கோவில் முடிசூட்டு விழா எடுக்கிறது. இரண்டில் எது சரி என்று தெரிய, அவன் என்ன செய்தான் என்பதை வரிசையாகப் பார்க்க வேண்டும்.

அவன் எடுத்த எடுப்பில் எதிரிப் பாசறைக்கு ஓடவில்லை. தூதனாக வந்த அனுமனைக் கொல்லச் சொன்னபோது, தூதனைக் கொல்வது முறையல்ல என்று இராவணன் சபையிலேயே எழுந்து தடுத்தான். சீதையைத் திருப்பி அனுப்பிவிடு என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அதற்கு இராவணன் சொன்ன பதில் வால்மீகியில் இருக்கிறது. தாமரைக் குளத்தில் யானைகள் பேசிக்கொண்டனவாம்: தீயோ ஆயுதமோ கயிறோ எங்களுக்குப் பயமில்லை, எங்கள் இனத்தாரைக் கண்டால்தான் பயம் என்று. தப்பு செய்கிறவன் தன்னைத் தட்டிக்கேட்கும் உறவுக்காரனைப் பார்த்து எப்போதும் சொல்வது இதுதான். செய்த தப்பைப் பற்றிப் பேச்சே இருக்காது. குடும்பத்தை விட்டுக்கொடுத்துவிட்டான் என்பதுதான் பேச்சு. உங்கள் டீக்கடையில் நடப்பதும் அதுவே. வரத்துக்கால் மறிக்கப்பட்டதா இல்லையா என்று அங்கே ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அடுத்து அவன் செய்தது எனக்கு மிகவும் பிடித்த இடம். சபை நடுவே அவமானப்பட்டு எழுந்து போகிறவன், “நீ நன்றாக இரு, நான் போகிறேன், நான் இல்லாமல் சுகமாக இரு” என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுத்தான் போகிறான். சாபம் இல்லை, சபதம் இல்லை. அவன் கிளம்பியது அண்ணனை அழிக்க அல்ல, அந்த அநியாயத்துக்குத் துணையாக இருக்க முடியாது என்பதால். இந்த வேறுபாட்டை மறந்தவர்கள்தான் அவன் பெயரை வசைச்சொல் ஆக்கினார்கள்.

கடலைத் தாண்டி வந்தவனை இங்கே யாரும் மாலை போட்டு வரவேற்கவும் இல்லை. சுக்கிரீவன் ஒற்றன் என்றான். அங்கதனும் சாம்பவானும் சந்தேகப்பட்டார்கள். அனுமன் ஒருவன்தான் இவன் நல்லவன் என்றான். அத்தனை பேச்சையும் கேட்டுக்கொண்டிருந்த இராமன் கடைசியில் சொன்னதைத்தான் வைணவர்கள் உயிர்மூச்சாக வைத்திருக்கிறார்கள்: ஒரே ஒரு தடவை ‘உன்னைச் சேர்ந்தவன்’ என்று வந்து கேட்டவனுக்கு எல்லா உயிர்களிடமிருந்தும் அபயம் தருவது என் விரதம், வந்திருப்பது விபீஷணனாக இருக்கட்டும், இராவணனாகவே இருக்கட்டும், அழைத்து வா. வேதாந்த தேசிகர் (1268–1369) இந்த ஒரு நிகழ்ச்சியை விளக்குவதற்கென்றே தனி நூல் செய்திருக்கிறார். கடவுளின் காப்பு என்று நாம் சொல்வதற்கு எங்கள் மரபில் இதைவிடப் பெரிய ஆதாரம் இல்லை. அந்த வாக்கு பிறந்தது பஸ்ஸில் போய்விடக்கூடிய தூரத்தில் என்பதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. அபயம் கிடைத்த பிறகு விபீஷணன் என்ன செய்தான்? ஒரு மூலையில் உட்கார்ந்து இராமா இராமா என்று சொல்லிக்கொண்டிருந்தானா? இலங்கையின் பலம் என்ன என்று இராமன் கேட்டவுடன் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னான். வானர உருவத்தில் வந்த ஒற்றர்களை அடையாளம் காட்டினான். இந்திரசித்து நிகும்பலையில் நடத்தும் வேள்வி முடிந்துவிட்டால் அவனை வெல்ல முடியாது, உடனே போய்த் தடுக்க வேண்டும் என்று சொல்லி, இலக்குவனுடன் கூடவே போனான். கடைசிப் போரில் இராவணன் தேர்க் குதிரைகளைக் கதையால் அடித்து வீழ்த்தியவனும் அவன்தான். சரணாகதிக்கு இலக்கணமாகச் சொல்லப்படுகிறவன், அந்தப் போரில் ஓயாமல் வேலை செய்தவர்களில் ஒருவன்.

நன்றாகப் படித்த ஒருவர் இங்கே என்னை மறிக்கலாம். அனுமனைப் பிரமாத்திரம் கட்டியது. அரக்கர்கள் அது போதாது என்று அதற்கு மேல் கயிற்றாலும் கட்டினார்கள். கயிறு பட்டவுடன் அத்திரம் தானே அவிழ்ந்துகொண்டது. அதுபோல, கடவுளைச் சரணடைந்தவன் வேறு வழியையும் தேடினால் சரணாகதி நழுவிவிடும் என்று ஆசாரியர்களே சொல்லியிருக்கிறார்களே, மனுவும் வழக்கும் அந்தக் கயிறு ஆகாதா? நியாயமான கேள்வி. ஆனால் ஆசாரியர்கள் அதைச் சொன்னது மோட்சத்தைப் பற்றி. வீடுபேற்றுக்கு அவனைத் தவிர இன்னொரு வழியையும் துணைக்கு வைத்துக்கொள்ளாதே என்றார்கள். கண்ணெதிரே நடக்கும் அநியாயத்தைத் தடுக்காதே என்றோ, கடமையை விட்டுவிடு என்றோ அவர்கள் எங்கும் சொல்லவில்லை. ஊருணித் தண்ணீரை ஊருக்கு மீட்டுத் தருவது உங்கள் மோட்சத்துக்கான உபாயம் அல்ல. அது ஊராருக்கு நீங்கள் செய்யும் கடமை. அதைச் செய்தால் அவனுக்கு உகப்பாகுமே தவிர, அவன்மேல் வைத்த நம்பிக்கைக்கு என்ன பங்கம்?

இதற்கு மேலும் தெளிவு வேண்டுமானால் உங்களுக்குப் பக்கத்திலேயே திருப்புல்லாணி இருக்கிறது. ஆதிஜெகந்நாதப் பெருமாளைச் சேவித்துவிட்டு, தர்ப்பசயன இராமர் சன்னதியில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். இராமன் பட்டம் கட்டி நிற்கும் கோலத்தைப் பல ஊர்களில் பார்க்கலாம். இங்கே தருப்பைப் புல்லில் படுத்துக் கிடக்கிறான். கடலைத் தாண்ட வழி விடும்படி கடலரசனிடம் சரணடைந்து மூன்று இரவு கிடந்தான். அப்படிச் செய்யச் சொன்னவனும் விபீஷணன்தான். கடல் அசையவில்லை.

இராமன் செய்த சரணாகதியே ஏன் பலிக்கவில்லை? பெரியவர்கள் சொல்லும் காரணம் அழகானது. சரணடைகிறவனுக்கு வேறு கதி இருக்கக்கூடாது; யாரிடம் சரணடைகிறானோ அவனுக்குக் காக்கும் வல்லமை இருக்க வேண்டும். இந்தக் கரையில் இரண்டுமே தலைகீழாக இருந்தன. எல்லாம் வல்லவன், தன்னால் ஒன்றும் ஆகாத ஒருவனிடம் கைகட்டிக் கிடந்தான். மூன்று நாள் கழித்து, பொறுமையைக் கையாலாகாத்தனம் என்று நினைக்கிறார்கள் என்று சொல்லி வில்லை எடுத்தான். அப்போதுதான் கடலரசன் எழுந்து வந்து, நளனைக் கொண்டு அணை கட்டச் சொன்னான். ஐந்து நாளில் கட்டி முடித்தார்கள்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்று. ‘எனக்கு வேறு கதியில்லை’ என்று அவன் முன்னால் சொல்வது உண்மையாக இருக்க வேண்டும். மனு எழுதத் தெரியும், அலுவலகம் பத்து மைலில் இருக்கிறது, சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது என்னும்போது, அதையெல்லாம் செய்யாமல் பெருமாளே கதி என்றால் அது பக்தி ஆகாது, சோம்பல் என்பேன். பயம் என்றும் சொல்லலாம். உங்கள் கைக்கு எட்டியதைச் செய்து முடித்து, இனி என் கையில் ஒன்றுமில்லை என்று நிற்கும் இடத்தில் சொல்லுங்கள். அந்த இடம் கட்டாயம் வரும். அதிகாரி என்ன முடிவு எடுப்பார், நீதிமன்றம் எத்தனை வருடம் இழுக்கும், ஊர் மனசு எப்போது மாறும், இவை எதுவும் உங்கள் கையில் இல்லை. அங்கே முழுப் பாரத்தையும் அவனிடம் போட்டுவிட்டு நீங்கள் தூங்கலாம். ‘காப்பான்’ என்னும் அசையாத உறுதியைச் சரணாகதியின் அங்கங்களில் ஒன்றாக வைத்து, மகாவிசுவாசம் என்று பெயரிட்டதும் இதற்காகத்தான்.

கையில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஊருணியும் வரத்துக்காலும் வருவாய்க் கணக்கில் புறம்போக்காகப் பதிவாகியிருக்கின்றனவா என்று கிராமத்து ‘அ’ பதிவேட்டிலும் புலப்படத்திலும் பார்த்துச் சான்றிட்ட நகல் வாங்குங்கள். கொடுக்கத் தயங்கினால் 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அரசு நில ஆக்கிரமிப்பை அகற்ற 1905-ஆம் ஆண்டுச் சட்டமே அதிகாரம் தருகிறது. மனுவை வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள், எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பொய்ப்புகாருக்கு விசாரணை என்று அழைத்தால் தனியாகப் போகவேண்டாம். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லையென்றால் இராமநாதபுரத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, அங்கே போய்க் கேளுங்கள். இத்தனையும் செய்வது உங்கள் நம்பிக்கைக்கு விரோதமில்லை.

அடுத்து, உங்கள் அம்மா சொல்வது. கொல்லங்குடி வெட்டுடையார் காளியம்மன் கோவிலுக்குச் சிவகங்கைச் சீமையும் நம் சீமையும் நியாயம் கேட்டுப் போவது பழைய வழக்கம். ஏமாற்றப்பட்டவர்கள், கேட்க நாதியில்லாதவர்கள், காளி முன்னால் காசை வெட்டிப் போட்டு, இனி நீ பார்த்துக்கொள் என்று வந்துவிடுவார்கள். அந்த வழக்கத்தை இகழ்ந்து பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. போலீசும் கோர்ட்டும் எட்டாத ஏழைக்கு அதுதான் கோர்ட்டாக இருந்திருக்கிறது. அந்த அம்மன் கதையையும் நினைத்துப் பாருங்கள். வேலு நாச்சியார் போன வழியைக் காட்டச் சொல்லிக் கேட்டபோது காட்ட மறுத்து வெட்டுப்பட்ட உடையாள் என்ற பெண்ணைத்தான் அங்கே தெய்வமாகச் சொல்கிறார்கள். எதிர்ப்புக்கு முன்னால் நின்ற ஒருத்தியிடம் போய்த்தான் எளிய மக்கள் நியாயம் கேட்கிறார்கள்.

ஆனால் அம்மாவிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். நியாயம் கேட்டுத் தெய்வத்தின் முன் நிற்பவர் தன் கணக்கையும் சேர்த்தே திறந்து வைக்கிறார். எதிராளியை மட்டும் பார், என்னைப் பார்க்காதே என்று அங்கே சொல்ல முடியாது. உங்கள் பக்கத்தில் நிலத் தகராறு, பழைய பாகப்பிரிவினைக் கோபம், யாருக்காவது தரவேண்டிய பாக்கி ஏதாவது இருந்தால் முதலில் அதைச் சரி செய்யுங்கள். ஊருணிக்காகத்தான் போராடுகிறோமா, அந்தச் சாக்கில் பழைய கணக்கைத் தீர்க்கிறோமா என்று உங்களை நீங்களே உரசிப் பாருங்கள். எழுதிய கடிதத்தில் பெரியப்பா மகனின் பழைய குற்றங்களுக்கு நீங்கள் ஒதுக்கியிருக்கும் இடத்தைப் பார்த்துத்தான் இதைச் சொல்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டாவது, என்ன கேட்கிறீர்கள் என்பது. தண்ணீர் வர வேண்டும், பொய்ப்புகார் பொய் என்று தெரிய வேண்டும், அவருக்குப் புத்தி வர வேண்டும் என்று கேட்கலாம். அவர் குடும்பம் நாசமாக வேண்டும், பிள்ளை விளங்கக்கூடாது என்று கேட்கக்கூடாது. சரணாகதிக்கு முதல் அங்கமே, எல்லா உயிர்களுக்கும் அனுகூலமாக இருப்பேன் என்ற சங்கல்பம். வசைபாடிக்கொண்டே சரணடைய முடியாது. அசோகவனத்தில் சீதை பட்ட பாட்டைவிட நீங்களும் நானும் பட்டுவிடப் போவதில்லை. போர் முடிந்து, அவளை இத்தனை மாதம் மிரட்டிய அரக்கியரைக் கொல்ல அனுமன் உத்தரவு கேட்டபோது, அரசன் சொன்னதைச் செய்த வேலைக்காரிகள், தப்பே செய்யாதவர் உலகத்தில் யார் என்று தடுத்துவிட்டாள். தண்டனை வேண்டாம் என்றா அவள் சொன்னாள்? இராவணன் தண்டிக்கப்பட்டுத்தான் கிடந்தான். அதைச் செய்தது அவள் கை இல்லை, அவ்வளவுதான். தன் தவத்தால் அவனைச் சாம்பலாக்க முடியும், இராமன் உத்தரவு இல்லை என்பதால் செய்யவில்லை என்று அவனிடமே முன்பு சொல்லியிருந்தவள் அவள்.

உங்கள் மூன்றாவது கேள்விதான் கடினமானது. காப்பான் என்றால் ஏன் அடி விழுகிறது? இதற்கு எளிய பதில் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து போன ரயிலை அலை கொண்டுபோயிற்று. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். கோதண்டராமர் கோவில் நின்றது. அதைச் சொல்லிப் பலர் மெய்சிலிர்க்கிறார்கள். எனக்கும் சிலிர்க்கும், கூடவே அந்த ரயிலில் இருந்தவர்களும் ஞாபகம் வருவார்கள். அவர்களில் இராமா என்று கூப்பிடாதவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? கோவில் நின்றதைக் காட்டி, பக்தி இருந்தால் ஒன்றும் ஆகாது என்று சொல்வது போனவர்களுக்குச் செய்யும் பாவம். இந்தக் கரையிலேயே ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று அருளானந்தர் என்னும் பாதிரியார் தலை வெட்டுண்டார். அவர் நம்பிய கடவுள் கைவிட்டுவிட்டார் என்று அங்கே வரும் கூட்டத்தில் எவரும் நினைப்பதில்லை.

விபீஷணனுக்கே அபயம் எப்படிக் கிடைத்தது என்று பாருங்கள். வீடு போயிற்று. மனைவி மக்களை விட்டுவிட்டுத்தான் கடல் தாண்டினான். கூடப் பிறந்தவர்கள் இருவரும் அவன் கண்ணெதிரே மாண்டார்கள். இராவணன் அவனைக் குறிவைத்து வேல் எறிய வந்தபோது இலக்குவன் குறுக்கே வந்து காத்தான். வேல் இலக்குவன் மார்பில் பாய்ந்தது. காப்பு என்பது வேலே வராது என்பதல்ல. வந்தபோது அவன் தனியாக இல்லை. உங்களுக்கும் அப்படி ஒருவராவது வந்திருப்பார் என்றே நினைக்கிறேன். ஊர் பேசாத நாளில் இருட்டியபிறகு வந்து கதவைத் தட்டிய பக்கத்து வீட்டு அக்கா, உங்கள் மனுவில் இரண்டாவது கையெழுத்துப் போட்ட வயதானவர், யாராவது. கடிதத்தில் அப்படி யாரையும் நீங்கள் குறிப்பிடவில்லை. ஏசியவர்களை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். எதிர்ப்பு நம்மை அப்படித்தான் ஆக்கும். எதிரியைத் தவிர வேறு யாரும் கண்ணில் படமாட்டார்கள். வந்தவர்களைத் தேடிப் பாருங்கள். பெருமாளை அங்கேயும் காணலாம்.

இன்னும் ஒன்று, நீங்கள் கேட்காதது. இராவணன் செத்துக் கிடக்கிறான். இவ்வளவு பாவம் செய்தவனுக்கு நான் ஈமக்கடன் செய்ய மாட்டேன் என்று விபீஷணன் தயங்குகிறான். பகை மரணத்தோடு முடிந்தது, செய்ய வேண்டியதைச் செய், உனக்கு எப்படியோ எனக்கும் இவன் அப்படியே என்று சொன்னவன் இராமன். கடவுளின் நீதி என்று நாம் வேண்டிக்கொள்வது இப்படிப்பட்ட ஒருவனுடைய நீதியை. தண்டித்தவனே அடுத்த நிமிடம் தண்டிக்கப்பட்டவனை என் உறவு என்கிறான். ஆகவே வழக்கு நடக்கும்போதே உங்கள் அண்ணன் வீட்டில் ஒரு துக்கம் என்றால், அழைப்பை எதிர்பார்க்காமல் போய் நில்லுங்கள். வாசலில் யாராவது ஏதாவது சொல்வார்கள், பதில் பேசாமல் இருந்துவிட்டு வாருங்கள். மறுநாள் வாய்தா இருந்தால் அதற்கும் தவறாமல் போங்கள்.

அம்மாவை முதலில் திருப்புல்லாணிக்கு அழைத்துப் போங்கள். அதன்பிறகும் கொல்லங்குடிக்குப் போகத்தான் வேண்டும் என்றால் தடுக்க வேண்டாம், கூடப் போங்கள். அக்டோபர் 2 கிராம சபையில் வரத்துக்காலைத் தீர்மானமாகக் கொண்டுவர இப்போதே கையெழுத்து வாங்கத் தொடங்குங்கள். முதலில் பெண்களிடம் போங்கள். ஊருணியில் தண்ணீர் இல்லாவிட்டால் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறவர்கள் அவர்கள்தான். டீக்கடைப் பேச்சு அவர்களிடம் எடுபடாது. ஐப்பசி மழைக்கு முன்னால் வேலியைப் பிரிக்க முடியாவிட்டாலும், தண்ணீர் போகும் அளவுக்கு ஒரு குழாயாவது மண்மேட்டுக்குள் போட்டுத் தரும்படி இடைக்கால ஏற்பாடாகத் தாசில்தாரிடம் கேளுங்கள். உங்கள் அண்ணனுக்கும் அது கௌரவக் குறைச்சல் இல்லாத வழியாக இருக்கும். ஒருவேளை அவரே ஒப்புக்கொள்ளலாம்.